மாரமங்கலத்துக்குப் போன படங்கள்

புருஷனிடம் சவால் விட்டுவிட்டுப் படுத்தவளுக்குத் தூக்கம் எங்கே வரும்? சென்ற வாரம் ரூபியை அப்படித்தான் விட்டுவிட்டு வந்தோம். பதினைந்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்து போய்ப் பார்த்தால் ஏரிக்கரை வீட்டில் அவள் இல்லை. படங்களையெல்லாம் பழைய சேலைகளில் சுற்றி, வேனில் ஏற்றிக்கொண்டு, மாரமங்கலத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரூபியின் கணவர் மேக்ஸ்வெலுக்கு ஏற்காடு ஏரிக்கு எதிரில் லாட்ஜ். அதன் புல்வெளியில்தான் நான்கு வருடமாக ‘மலைச் சித்திர விழா’ நடக்கிறது. ஆரம்பித்தவள் ரூபி, நடத்துகிறவர் மேக்ஸ்வெல். ஆரம்பித்ததற்கும் நடத்துவதற்கும் நடுவில் என்ன ஆகியிருக்கும் என்று கல்யாணமான பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏரியும் படகும் வரைந்தவர்களின் படங்கள் வாசல் பக்கம் தொங்கின. ரூபியின் படங்கள் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, வாஷ்பேசின் சுவரில் போய் நின்றன. காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள், மிளகு காயப்போடுகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று எல்லாம் மாரமங்கலத்து முகங்கள். கை கழுவ வந்தவர்கள் அவற்றைப் பார்த்தார்கள். துடைத்துக்கொள்ளத் துண்டு இருக்கிறதா என்று கேட்டார்கள்.

ரூபி பிறந்து வளர்ந்தது மாரமங்கலத்தில். அவளுடைய அப்பா லாசர் அங்கே எஸ்டேட் ரைட்டராக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். அந்த முகங்களை அடையாளம் தெரிந்தவர்கள் இருக்கிற ஊரிலேயே விழாவை வைத்தால் என்ன என்று அவள் கேட்டாள். கேட்டதுதான் தாமதம், மேக்ஸ்வெல் எழுந்து நின்றுவிட்டார்.

“போ. போயி வெச்சுப் பாரு. ஒரு மனுசன் வர்றானான்னு பாக்கலாம். யாரும் வரலைன்னு வையி, இனி எந்த வருசமும் விழா இங்கதான். உன் படம் எங்க தொங்கோணும்னு நாஞ் சொல்றதுதான்.”

“சரிங்க” என்றாள் ரூபி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

* * *

மேட்டின் மேலிருந்த சமுதாயக் கூடத்தைத் திறந்து, பெருக்கி, ஆணி அடித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. கூட வந்தது ஒரே ஓர் ஓவியர், சேலத்துச் சத்யராஜ். மற்ற ஓவியர்கள் எல்லோரும் “அடுத்த வருசம் பாக்கலாங்கக்கா” என்று நழுவியிருந்தார்கள். வேன்காரர் சாயங்காலம் வருவதாகச் சொல்லி இறங்கிப் போனார்.

நடுச் சுவரில் ஓர் ஆணி மட்டும் காலியாக இருந்தது. அது மாரியம்மாள் படத்துக்காக அடித்த ஆணி. இடுப்பில் காப்பிக் கூடையைக் கட்டிக்கொண்டு, யாரோ சொன்ன எதற்கோ சிரிக்கிற மாரியம்மாள். சின்ன வயதில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ரூபி வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். அது மேக்ஸ்வெலுக்குக்கூடத் தெரியும்.

சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். படம் இல்லை.

“நேத்து நானே சுத்தி வெச்சேனே சத்யராஜ்!”

“வேன்லயே இருக்குமுங்கக்கா. சாயங்காலம் வருமில்ல, பாத்துக்கலாம்.”

சாயங்காலம் வரைக்கும் அந்த ஆணி அவள் கண்ணை உறுத்தப் போகிறது. அவள் வேறு பக்கம் திரும்பி நாற்காலிகளைத் துடைத்தாள்.

பத்து மணிக்குத் திறப்பு என்று சொல்லியிருந்தாள். பத்தும் ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. ஒரு நாய் வந்து வாசலில் மோந்துவிட்டுப் போயிற்று. அதற்குப் பின்னால் ஒரு கார் வந்தது. ரூபி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“ஏங்க, வியூ பாயிண்ட் இப்படித்தானே?” என்றது காரிலிருந்த இளம் ஜோடி.

“அது கரடியூருங்க. நீங்க வழி தவறி வந்துட்டீங்க. உள்ள வந்து ஒரு நிமிசம் பாத்துட்டுப் போங்களேன், படக் கண்காட்சி.”

வந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். அதைக் குடித்து முடிக்கும் வரை பார்த்தார்கள். “நீங்களே வரைஞ்சதா? சூப்பர்” என்று போனைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள். கார் திரும்பிப் போயிற்று. ரூபி அந்த டம்ளரைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். செய்வதற்கு வேறு வேலை இல்லை.

* * *

மேட்டுக்குக் கீழே, பஸ் நிற்கும் இடத்தில் சித்தனின் டீக்கடை. ரூபி இறங்கிப் போனபோது சித்தன் ஸ்டூலில் உட்கார்ந்து கண் அயர்ந்திருந்தார். ரூபி கேட்டது ஒரே கேள்விதான்.

“ஏனுங்க, ஊருல சனமே காணோமே, என்னாச்சு?”

சித்தன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை ஊருல யாருங்க இருப்பா? காலைல முதல் பஸ்ஸுக்கே எல்லாரும் ஏற்காடு போயிருவாங்க. சந்தை, சர்ச்சு, ஆஸ்பத்திரில யாராச்சும் கெடந்தா ஒரு எட்டுப் பாக்குறது, எல்லாம் இன்னைக்குத்தானுங்க. இனி கடைசி பஸ்ஸுக்குத்தான் திரும்புவாங்க. எனக்கே ஞாயித்துக்கிழமைன்னா யாவாரம் கெடையாது.”

ரூபிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் இது அவளுக்குத் தெரியும்! இருபத்து மூன்று வருடமாக, ஞாயிறுதோறும் பூசை முடிந்து சர்ச் வாசலில் நின்றால் எதிரே சந்தையில் மாரமங்கலத்துச் சனம்தான். விழாவுக்கு அவர்களை அழைத்ததே அங்கே வைத்துத்தான். “இருபதாம் தேதி நம்ம ஊருல படம் வெக்கிறேன், வருவீங்களா?” என்று கேட்டிருந்தாள். “வராம? ரைட்டரய்யா பொண்ணு வெக்கிறீங்க, வராம இருப்பமுங்களா?” என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தார்கள். தேதியைச் சொன்னவள் கிழமையைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டவர்களும் எண்ணிப் பார்க்கவில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் நிற்கிற மனிதர்கள், அதே ஞாயிற்றுக்கிழமை மாரமங்கலத்தில் இருக்க மாட்டார்கள் என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ரூபியின் மனசில் இருந்த மாரமங்கலம் வேறு. அவள் பாவாடை கட்டிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது. அன்றைக்கு ஊரே வெயிலில் உட்கார்ந்து கதை பேசும். அந்த ஊருக்குத்தான் அவள் வேன் பிடித்து வந்திருந்தாள்.

“டீ குடிக்கிறீங்களா?” என்றார் சித்தன்.

“வேண்டாமுங்க” என்றாள்.

* * *

மத்தியானம் மகள் ஃபெபி போன் பண்ணினாள். சேலத்தில் கல்லூரியில் படிக்கிறவள், தோழிகளோடு காரில் நேராக மாரமங்கலம் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தவள்.

“அம்மா, ஏரி ரவுண்டானாவுலயே நிக்கிறோம். வண்டி நகரவே மாட்டேங்குது. ஒன் வே போட்டுட்டாங்க. திருப்பித் திருப்பி ஏரியைத்தான் சுத்திக்கிட்டு இருக்கோம்.”

“பரவால்ல கண்ணு, மெதுவா வாங்க. நான் இங்கதானே இருக்கேன்.”

“இல்லம்மா... அப்பா ஊட்டுக்கே வந்துரச் சொல்றாங்க. எல்லாருக்கும் பசி வேற.”

போனுக்குள் மைக் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் கூட்டத்தைப் பார்த்து வருக வருக என்கிறார்.

“அங்க என்ன கண்ணு சத்தம்?”

போனைக் கையால் பொத்தியதுபோல் மைக் சத்தம் மங்கிற்று. “போட்டிங்குக்கு வந்த கூட்டம்மா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சத்யராஜ் அதற்குள் தன் படங்களைக் கட்டத் தொடங்கியிருந்தான். பைக்கின் பின்னால் கயிறு போட்டு இறுக்கியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்க படத்துல ஒரு கொறையுமில்ல. இடந்தான் சரியில்ல. இதையே ஏரிக்கரையில மாட்டியிருந்தா...”

“அங்க மாட்டித்தானேப்பா பாத்தேன். கை கழுவுறவங்கதான் பாத்தாங்க.”

“அதுக்கும் இடந்தானுங்கக்கா காரணம்.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது. பைக் சத்தம் வளைவு தாண்டி அடங்கும் வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், படங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கூடத்தின் எதிர் மூலை முதலில் மறைந்தது. ரூபிக்குக் குளிரைவிடத் தனிமைதான் அதிகமாகத் தெரிந்தது. ஏற்காட்டில் அவளுக்கு ஆள் இல்லையா? இருக்கிறார்கள். லாட்ஜ்க்காரம்மா என்பார்கள், மேக்ஸ்வெல் சம்சாரம் என்பார்கள், ஃபெபி அம்மா என்பார்கள். ரூபி என்று சும்மா கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாத விஷயத்தைப் பேச ஒருத்தர் இல்லை. அந்த ஒருத்திக்காகத்தான் இத்தனை படத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது, அவள் இவ்வளவு நாள் தன்னிடமே ஒத்துக்கொள்ளாத விஷயம். மாரியம்மாள் இந்தக் கூடத்துக்குள் வர வேண்டும். தன் முகத்தைத் தானே பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, பழைய மாதிரி ஏதாவது திட்ட வேண்டும். விழா, சவால் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த ஆசைக்கு அடித்து வைத்த ஆணி காலியாக இருந்தது. மாரியம்மாளும் ஊரில் இல்லை.

வேன்காரரின் போன் வந்தது. கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டது, நாளைக்குக் காலையில்தான் வர முடியும், வண்டிக்குள் படம் எதுவும் இல்லை. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

* * *

எழுந்தாள். கோபமா, வீம்பா என்று அவளுக்கே தெரியவில்லை. நேராகச் சித்தனிடம் போனாள்.

“கடைசி பஸ்ல வர்றவங்க எல்லாம் இங்கதானே இறங்குவாங்க?”

“ஆமாங்க. எறங்குனதும் பையத் தூக்கிட்டு அவங்கவங்க ஊட்டுக்குப் போயிருவாங்க. களைச்சு வர்ற சனம், உங்க மேட்டுக்கெல்லாம் ஏறாது.”

“ஏற வேண்டாமுங்க. உங்ககிட்டக் கயிறு இருக்குதா?”

துணி காயப்போடுகிற கயிறு இருந்தது. பஸ் நிழற்குடையின் தூண்களுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டினாள். மேட்டுக்கு ஏறினாள், இரண்டு படங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். மறுபடி ஏறினாள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த சித்தன், பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, பின்னால் வந்து பெரிய படங்களைத் தூக்கிக்கொண்டார். கடை பல்பையும் வயரோடு இழுத்து நிழற்குடையில் மாட்டினார்.

பொழுது சாய்ந்த நேரத்தில் பஸ் வந்தது. வளைவில் திரும்பும்போதே டிரைவர் ஹெட்லைட்டில் அத்தனை முகங்களையும் பார்த்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்தியவர் விளக்கை அணைக்கவில்லை.

முதலில் இறங்கிய பெண், காய்கறிப் பையோடு அப்படியே நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்தார்கள்.

“ஏ, இது நம்ம கோழிக்காரம்மா!”

“மூக்குத்தியப் பாரு, அப்பிடியே இருக்குது!”

“அட, இது எங்கப்பன். இந்தத் துண்டு அவருதுதான். செத்து ஏழு வருசமாச்சே...” என்று ஒருவர் படத்துக்குக் கிட்டே போய், தொடலாமா என்று ரூபியைப் பார்த்தார். தொடுங்க என்று தலையாட்டினாள்.

பைகள் தரையில் இறங்கின. குழந்தைகள் யார் யார் என்று கத்தினார்கள். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்து, அந்தப் பஸ்ஸே படத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். வந்துவிட்டார்கள்! இடத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும், வந்துவிட்டார்கள். ரூபிக்கு மேக்ஸ்வெலைக் கூப்பிட்டு இந்தச் சத்தத்தைக் கேட்க வைக்க வேண்டும் போல இருந்தது.

கூட்டத்தில் ஒரு முகத்தை அவள் கண் தேடியது.

மாரியம்மாள் கடைசியாக இறங்கினாள். தலையில் முக்காடு, கையில் வெங்காயப் பை. படங்கள் பக்கம் போகவில்லை. நேராக ரூபியிடம் வந்து நின்றாள்.

“நீங்க இங்கதான் இருக்கீங்களா?” என்றாள்.

‘நீங்க.’ ஒரே தட்டில் சாப்பிட்டவள் இப்படிக் கூப்பிட ஆரம்பித்து இருபது வருடமாகிறது. இன்றைக்கும் அது ரூபிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

“காலைல இருந்து இங்கதான் இருக்கேன் மாரி. உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்.”

“எனக்கு யாரு சொன்னா? நீங்க எல்லாரையும் கூப்பிட்ட வாரம் நான் சந்தைக்கே வரலீங்களே. நான் சர்ச் வாசல்ல பாத்தேன், நீங்க இல்ல. சரி ஊட்டுல இருப்பீங்கன்னு ஏரிப் பக்கம் போனேன். அங்க உங்க ஊட்டு முன்னால கொட்டாய் போட்டு, மைக் வெச்சு, நொம்பக் கூட்டம். வாசல்லயே பெருசா நான் தொங்குறேன்.”

“நீயா?” என்றாள் ரூபி.

“நாந்தான். கூடையோட. பல்லக் காட்டிக்கிட்டு.” மாரியம்மாள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். “உள்ள போயிப் பாக்கலாம்னு போனேனுங்க. டிக்கெட் வாங்குனவங்கதான் போகோணும்னு வாட்ச்மேன் சொன்னான். ஏனுங்க, அந்தப் படத்துல இருக்குறது நாந்தானுங்கன்னேன். அவன் சிரிச்சுப்போட்டான்.”

“மாரி...”

“கேட்டுக்கு வெளிய நின்னே பாத்தேன். படம் வரைஞ்சவங்க உள்ள இருப்பாங்க, எப்பவாச்சும் வெளிய வந்தா ஒரு வார்த்தை பேசலாம்னு மீதிச் சாமான் வாங்கக்கூடப் போகாம நின்னேன். நீங்க வரவே இல்ல. என்னைய அங்க மாட்டிப்போட்டு நீங்க இங்க வந்து உக்காந்திருக்கீங்க.”

இவள் அங்கே, அவள் இங்கே. ஒரே ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருத்திக்காக ஒருத்தி காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வாஷ்பேசின் பக்கம் தள்ளிவிட்ட படத்துக்கு வாசல் கிடைத்திருக்கிறது, வரைந்தவள் அங்கே இல்லாத நாளாகப் பார்த்து. மகளின் போனில் கேட்ட மைக் சத்தம் எது என்று ரூபிக்கு இப்போது புரிந்தது.

கையிலிருந்த போன் அடித்தது. ஃபெபி.

“அம்மா, நான் அப்பவே சொல்லியிருக்கோணும். அப்பா அந்தப் படத்தை நேத்தே வேன்ல இருந்து எடுத்து வெச்சுட்டாங்க. அங்க வராத ஆர்ட்டிஸ்ட் எல்லாரும் இங்க அப்பா நடத்துற விழாவுலதான் இருக்காங்க.” மகள் அழுதுகொண்டிருந்தாள். “பெங்களூர்க்காரர் ஒருத்தர் அந்தப் படத்தை வாங்கிட்டே போறேங்கிறாரு. அப்பா குடுத்துரலாங்கிறாங்க. வண்டி கெளம்பப் போகுது. நான் உங்களைக் கேக்கோணும்னு சண்டை போட்டு நிறுத்தி வெச்சிருக்கேன். என்னம்மா சொல்லட்டும்?”

பின்னால் மேக்ஸ்வெலின் குரல் கேட்டது. “போனக் குடு. நான் பேசிக்கிறேன்.” பிறகு அவரே பேசினார். “ரூபி, பிடிவாதம் புடிக்காத. இதுவரைக்கும் உன் படம் ஒண்ணாச்சும் வித்துப் போயிருக்குதா? எடம் நல்லா இருந்தா எல்லாம் போகும்னு சொன்னேனில்ல?”

ரூபி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எதிரே மாரியம்மாள் நிற்கிறாள். நாள் முழுக்க நின்ற களைப்பு முகத்தில் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஊரே தன் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. கோழிக்காரம்மா இருக்கிறாள், செத்துப்போன அப்பன் இருக்கிறார். மாரியம்மாளின் முகம் மட்டும் அந்தப் படங்களில் இல்லை.

ரூபி போனைக் காதிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“உன் முகத்தை யாரோ ஒருத்தரு வெலைக்கு வாங்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோறேங்கிறாரு. விடறதா வேண்டாமான்னு நீயே சொல்லு மாரி.”

“நானா? எனக்கென்ன புள்ள தெரியும்?”

புள்ள! இருபது வருடம் கழித்து வந்த வார்த்தை. ரூபியின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

மாரியம்மாள் வெங்காயப் பையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, காதில் வைத்தாள்.

“ஹலோ” என்றாள். “அந்தப் படத்துல இருக்குறவ பேசுறேனுங்க.”